எட்டு மணிச் சண்டை

எனக்கு நான்கு வியாதிகள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இடது கண்ணில் புரை, எச்.ஐ.வி. முதல் மூன்றையும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாராளமாகச் சொல்லலாம். கேட்பவர் தன்னுடைய சர்க்கரை அளவைச் சொல்லி என்னைத் தோற்கடிக்கப் பார்ப்பார். நான்காவதைச் சொன்னால் மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வரும். இத்தனைக்கும் நான்கில் மரியாதையாக அடங்கிக் கிடப்பது அது ஒன்றுதான். தினமும் ஒரு மாத்திரை போட்டால் போதும், வாலாட்டுவதில்லை. சர்க்கரைதான் என் பேச்சைக் கேட்பதே இல்லை.

அது எப்படி வந்தது என்று கேட்பார்கள். ரத்த அழுத்தம் எப்படி வந்தது என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அதைக் கேட்கும் நாளில் இதற்கும் பதில் சொல்கிறேன். என் மனைவிக்குத் தெரியும். அவளுக்குத் தொற்று இல்லை. அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள், அது எங்கள் வீட்டுக்குள் முடிந்த விஷயம்.

மருந்து நம் மாவட்டத்திலேயே கிடைக்கும், இலவசமாக. ஆனால் புதுக்கோட்டையில் நான் அந்த வரிசையில் நின்றால், திருமயம் பஸ்ஸில் வந்த யாராவது பார்த்து, நான் வீடு திரும்புவதற்குள் என் மனைவியிடம் துக்கம் விசாரித்து முடித்திருப்பார்கள். ஆகவே நான் பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த மாவட்டத்து ஆட்கள் பலர் இதே காரணத்துக்காக இங்கே வருகிறார்களாம். அங்குள்ள கவுன்சிலர் பெண் சொன்னார். ஆக எங்கள் பஸ்களும் அவர்கள் பஸ்களும் வழியில் எதிரெதிரே கடந்துபோகின்றன. புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பயணங்களை யாராவது கணக்கெடுத்தால் தமிழ்நாட்டின் வெட்கம் எத்தனை கிலோமீட்டர் நீளம் என்று தெரிந்துவிடும்.

அங்கேதான் ஒரு நாள் என் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். உரக்கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன் பார்க்கிறான். மனைவி இறந்துவிட்டார். மகன், மருமகளோடு இருக்கிறார். அவருக்கும் எனக்கும் ஊரில் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் அவர் வீட்டு முருங்கை மரம். வேர் அவர் பக்கம், கிளைகள் சுவர் தாண்டி என் பக்கம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி முழுவதும் என் துணிக்கொடியில். கேட்டதற்கு, பூச்சிக்கு நான் எல்லைக்கல் நட முடியுமா என்றார். அன்றோடு பேச்சு நின்றது. ஆனாலும் வெளியூரில் சொந்த ஊர்க்காரனைக் கண்டால் வாய் தன்னால் திறந்துகொள்கிறது.

"என்ன இங்கிட்டு?" என்றார்.

"சொந்தக்காரர் ஒருத்தர அட்மிட் பண்ணியிருக்கு. நீங்க?"

"எனக்கும் சொந்தக்காரர்தான்."

அடுத்த மாதமும் அதே இடத்தில் பார்த்தோம்.

"இன்னும் டிஸ்சார்ஜ் ஆகலையா?"

"இழுத்துக்கிட்டு இருக்கு. ஒங்காளு?"

"அதே மாதிரிதான்."

மூன்றாவது மாதம் மருந்து கொடுக்கும் ஜன்னலில் எங்கள் இருவர் கையிலும் ஒரே மாதிரி வெள்ளை டப்பாவைக் கொடுத்தார்கள். அன்றோடு இரண்டு சொந்தக்காரர்களும் பூரண குணமடைந்தார்கள்.

அதே மாதம் தொற்றுள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்திருந்தார். எங்களை வட்டமாக உட்காரச் சொல்லி, ஒரு பந்தைக் கொடுத்து, பந்து யார் கையில் வருகிறதோ அவர் தன்னிடம் தனக்குப் பிடித்த குணத்தைச் சொல்ல வேண்டும் என்றார். பந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் போனது. அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நான் யார் வம்புக்கும் போக மாட்டேங்க" என்றார். எனக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு எங்களை ஒரு மரம் வரையச் சொன்னார்கள். வேரில் நம் பலம், கிளையில் நம் கனவு. நான் மரம் வரைய மறுத்தேன். காரணம் சொல்லவில்லை. கடைசியில் அறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டும், முகம் தெரியக்கூடாது, திரும்பி நில்லுங்கள் என்றார்கள். நின்றோம். பக்கத்து வீட்டுக்காரரின் பின்மண்டை வழுக்கையைத் திருமயம் தாலுகாவில் அறியாதவர் கிடையாது. யாருக்கும் அது தோன்றவில்லை. தலைக்கு இரண்டு பிஸ்கட், ஒரு டீ.

அதன் பிறகு கவுன்சிலர் பெண் எங்கள் இருவரையும் தனியே கூப்பிட்டார். எங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் பேசினார். பக்கத்து வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் கிருமியின் அளவு கூடியிருந்தது. மாத்திரையை வாரத்தில் பாதி நாள் மறந்துவிடுகிறார்.

"அய்யா, மூணு மாசம் ஒரு நாள் விடாம சாப்பிடுங்க. மறுபடி டெஸ்ட் எடுப்போம். அப்பவும் கூடியிருந்தா மருந்த மாத்துற மாதிரி ஆயிரும். அதுக்கு நீங்க மதுரைக்குப் போகணும், வீட்டுல யாரையாவது கூட்டிக்கிட்டு."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கிருமிக்கு அல்ல, மதுரைக்கு. வீட்டில் யாராவது என்றால் மகன்தான். மகனுக்கு இது தெரியாது. தெரிந்தால் அந்த வீட்டில் தன் தட்டைத் தனியாக வைத்துவிடுவார்கள் என்று நம்பினார். அப்படிச் செய்வார்களோ மாட்டார்களோ, சோதித்துப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

"செல்லுல அலாரம் வச்சுக்கங்களேன்" என்றார் கவுன்சிலர்.

"செல்லு எங்கிட்ட எங்கங்க இருக்கு. அதுல மருமக சீரியல் பாக்குது."

"அப்ப இந்த அய்யா ஒங்க பக்கத்து வீடுதானே. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். பல வருடங்களில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"இவரு எங்கிட்ட நல்லபடியா ஒரு வார்த்தை பேசுனா ஊரே என்ன சேதின்னு கேக்கும்ங்க" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வார்த்தை எதுக்கு? அது ஒங்களுக்கு வராது. திட்டுங்க. எட்டு மணிக்குச் செவத்துப் பக்கம் போயி அந்த மரத்தப் பத்தி நாலு வார்த்தை கத்துங்க. அவரு மாத்திரையப் போட்டுட்டு திருப்பி நாலு வார்த்தை திட்டட்டும். யாரு சந்தேகப்படப் போறா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஏற்பாடு இதுதான்: நான் எட்டு மணிக்குக் கத்துவேன். அவர் கடைச் சரக்கு வைக்கும் அறைக்குள் போய், காலி வேப்பம் பிண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து பதில் திட்டுவார். பதில் வரும்வரை நான் நிறுத்தக்கூடாது.

"யோவ், ஒன் மரத்துப் பூச்சி இன்னக்கி என் வேட்டியில ஏழு. எண்ணி வச்சிருக்கேன்."

இதையே இன்னும் நாலு தடவை கத்தினேன். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "எண்ணுறதுக்குப் பென்சன் குடுக்குறாகள்ல, எண்ணு."

அவ்வளவுதான். நான் உள்ளே வந்து என் மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். எனக்கும் இதனால் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

தினமும் ஒரே விஷயத்தைத் திட்டுவது எளிதல்ல. பூச்சி முடிந்து சருகு, சருகு முடிந்து முருங்கைப் பூ என் தண்ணீர்த் தொட்டியில் விழுவது, அது முடிந்து அவர் தாத்தா காலத்து வேலி என்று போனேன். அவரும் சளைத்தவரில்லை. என்னைக் கணக்குப்பிள்ளை என்றார், கருமி என்றார், அரசாங்கத்துக்கே பொய்க் கணக்கு எழுதிக் கொடுத்தவன் என்றார். கடைசியாகச் சொன்னது எனக்கு உண்மையிலேயே கோபம் மூட்டியது. மறுநாள் கூடுதலாக ஐந்து நிமிடம் கத்தினேன்.

தெருவுக்கு இது பிடித்துப்போயிற்று. எதிர்வீட்டு ரிட்டயர்ட் கண்டக்டர் எட்டு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலியோடு வாசலுக்கு வந்துவிடுவார். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் என் குரலைப் பதிந்து போட்டார், அதற்கு இருபத்தாறு சிரிப்புப் பொம்மைகள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு என் மனைவியைத் திட்டச் சொன்னேன். கண்டக்டர் மறுநாள் என்னிடம், "தங்கச்சிக்கு இன்னும் பழகல. ஒங்க அளவுக்கு விசயம் இல்ல" என்று குறை சொன்னார்.

இரண்டு மாதம் ஓடியது. அவர் ஒரு நாளும் விடவில்லை. மூன்றாவது மாதம் அம்மன் கோயில் திருவிழா வந்தது.

எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஒன்பது நாளைக்கு ஊருக்குள் சண்டை கூடாது. அதற்கு முன்பே பேச்சுவார்த்தை இல்லாதவர்களைப் பேசவைத்துவிட வேண்டும் என்பது பெரியவர்கள் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்துக்கு முதல் காப்பு உரிமை. அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு. ஆகவே அவரோடு ஒருவன் தினமும் கத்திக்கொண்டிருப்பது அம்மனுக்கு அடுக்காது என்று ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். காபி குடித்தார்கள். பிறகு அவர் வீட்டுக்குப் போய் அங்கேயும் காபி குடித்தார்கள். இரண்டு காபிக்கும் இடையில் தீர்ப்பு தயாராகிவிட்டது. மரம்தானே பிரச்சினை, மரத்தை எடுத்துவிடலாம்.

மறுநாள் காலை அவர் மகனே மெஷின் ரம்பத்தோடு வந்து மரத்தை அறுத்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எங்களைச் சுவர் ஓரமாக நிறுத்திக் கைகொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். ஊர் கைதட்டியது. அவர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "இனிமே என்ன பண்றது?" என்றார்.  என் மனைவி மட்டும் கீழே கிடந்த கீரையையும் பிஞ்சுக் காய்களையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர்கள் ஒன்பது நாளும் கோயில் பந்தலிலேயே தங்க வேண்டும். பதினொரு ஆண்கள், ஒரே ஜமுக்காளம். எட்டு மணிக்கு நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போதுதான் நாங்கள் சிநேகிதர்கள் ஆயிற்றே.

"போட்டாச்சா?"

"காப்புக் கட்டியிருக்குய்யா. இங்கிலீஸ் மருந்து தொடக்கூடாது."

"யாரு சொன்னா?"

"ஒம்போது நாளு ஆத்தா பாத்துக்கிருவா."

ஆத்தாள் பார்த்துக்கொள்வாள், கிருமி பார்த்துக்கொண்டிருக்காது என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரதம் பாதிக் காரணம்தான் என்று எனக்குத் தெரியும். டப்பா பிண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. பந்தலை விட்டு அவர் நகர முடியாது. இங்கே பத்துப் பேர் கண்முன்னால் ஒரு மாத்திரையை எடுத்தால், அது என்ன மாத்திரை என்று பத்துப் பேரும் கேட்பார்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதே அவர் மகன்தான். டெஸ்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம். இதில் ஒன்பது நாள் போனால் பாக்கி எல்லாம் வீண். அன்று இரவு அவர் போடவில்லை.

மறுநாள் முழுவதும் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். மனைவிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஏங்க இப்படித் திரியிறீக. இத்தன நாளும் அவரு எதுக்கு மாத்திரை போட்டாரு? நீங்க கத்துனதுக்குப் போட்டாரு. போயிக் கத்துங்க."

"காப்புக் கட்டியிருக்குடி. ஊர் என்னய ஒதுக்கி வச்சிரும்."

"ஒதுக்குனா நல்லதுதான். கோயில் வரி கேட்டு வர மாட்டாக."

எட்டு மணிக்குப் பந்தலுக்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். என் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்திருந்தாள். இருவருக்கும் ஒரே மருந்துதான். பந்தலில் மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் முளைப்பாரிக்கு முன்னால் கும்மி கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் எதிரில் போய் நின்றேன். திட்டுவதற்கு மரம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"யோவ், மரத்த வெட்டுனியே, வேர வெட்டுனியா?" என்று கத்தினேன்.

கும்மி நின்றது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

"வேரு என் செவத்துக்கு அடியில வருது. என் செவுரு விழுந்தா ஒன் ஆத்தாளா வந்து கட்டுவா?"

ஆத்தாளை இழுத்தது அதிகம்தான். பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒருவர் என் தோளைப் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே என்னைப் பார்த்தார். முதலில் உண்மையான கோபத்தோடுதான் பார்த்தார். பிறகு என் பின்னால் நின்ற என் மனைவியைப் பார்த்தார். எட்டு மணி என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இந்த ஆளு கத்துற கத்துல எனக்கு மண்டையே பொளக்குது" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை இருக்குண்ணே" என்றாள் என் மனைவி. முந்தானையை அவிழ்த்து எல்லார் கண்ணெதிரிலும் நீட்டினாள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "தலவலிக்கு இம்புட்டுப் பெரிய மாத்திரையாம்மா?"

"தலவலி பெருசாச்சேண்ணே" என்று என்னைக் காட்டினாள்.

ஊர் சிரித்தது. காப்புக் கட்டிக்கொண்டு மாத்திரை போடலாமா என்று யாரோ கேட்டார்கள். பூசாரி திருநீற்றுத் தட்டை வைத்துவிட்டு, "நான் தெனமும் பிரசருக்கு ரெண்டு போடுறேன். மாத்திரைக்கும் ஆத்தாளுக்கும் என்னப்பா பகை?" என்றார். மகன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் மகனைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார்.

பிறகுதான் சிக்கல். கண்டக்டர், "எனக்கும் ஒண்ணு குடும்மா, இவரு சத்தத்துல எனக்குந்தான் வலிக்குது" என்று கையை நீட்டினார். அது கடைசி மாத்திரை என்று சொல்லித் தப்பித்தாள். மறுநாளிலிருந்து பொதுமக்களுக்கென்று சாதாரணத் தலைவலி மாத்திரை அட்டை ஒன்றையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். திருவிழா முடிவதற்குள் பதினேழு மாத்திரை செலவாயிற்று. எங்கள் ஊரில் இவ்வளவு தலைவலி இருப்பது எந்தக் கணக்கெடுப்பிலும் வந்ததில்லை.

காலையில் பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டி அம்மன் முன்னால் விழுந்து கும்பிட வைத்தார்கள். விழுந்தேன். இரவு எட்டு மணிக்கு மறுபடி வேரைப் பற்றிக் கத்தினேன். மறுநாள் காலை மறுபடி விழவைத்தார்கள். மூன்றாம் நாள் அவர்களுக்கே அலுத்துவிட்டது. அரசாங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர்களுக்கு ஒரு கட்டத்தில் இப்படி ஆகும், அம்மனே மன்னித்துவிடுவாள், நாமும் கண்டுகொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பூசாரி எட்டு மணி பூஜையை எட்டேகாலுக்கு மாற்றிவைத்தார்.

ஆறாம் நாள் அவர் மகன் என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"சித்தப்பா, மரத்தத்தான் வெட்டிட்டோமே. இன்னும் என்னதான் வேணும் ஒங்களுக்கு? அப்பாவுக்கு வயசாகுது. தெனம் தலவலிங்குறாரு. அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எனக்கு வேற யாரு இருக்கா?"

 இந்தப் பையனா தட்டைத் தனியாக வைத்துவிடுவான் என்று அவர் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிடலாம் போல வாய்வரை வந்தது. ஆனால் அதை நான் சொல்லக்கூடாது, அவர்தான் சொல்ல வேண்டும். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"வேரத் தோண்டு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். ஆறாம் நாள் சண்டை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, மெதுவாக. அவர் நெடுநேரம் மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்படியா சொன்னான்?"

"அப்படியேதான்."

"வேற யாரு இருக்கான்னா கேட்டான்?"

"காது கேக்குதுல்ல ஒமக்கு?"

 திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தார். முடிவு வர மேலும் சில வாரங்கள் ஆயின. அதுவரை நான் வேரை விடவில்லை.

முடிவு வந்த அன்று நான் வழக்கம்போல முதல் பஸ்ஸில் போய்க் காத்திருந்தேன். அவர் அடுத்த பஸ்ஸில் வந்தார். தனியாக வரவில்லை. கூடவே மகன் வந்தான். மகன் என்னைக் கண்டதும் நின்றான். என் கையிலிருந்த வெள்ளை டப்பாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சித்தப்பா என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. நானும் உதவவில்லை.

கவுன்சிலர் பெண் அவர்களை உள்ளே கூப்பிட்டார். வெளியே வரும்போது அவர் கையில் ஒரு தாள் இருந்தது. என்னிடம் நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தேன். எண் இருக்க வேண்டிய கட்டத்தில், கண்டறியப்படவில்லை என்று மட்டும் இருந்தது.

"ஒரு எண்ணாவது போடக்கூடாதா? பூச்சியம்னாவது எழுதியிருக்கலாம்" என்றேன்.

"இதுலயும் குத்தமா?" என்றார் அவர். "ஆத்தா காப்பாத்திட்டாய்யா. எல்லாம் அவ செயல்."

நான் மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியது, துண்டைக் கட்டிக்கொண்டு விழுந்தது, என் டப்பாவில் எட்டு மாத்திரை குறைந்ததற்கு மருந்து கொடுக்கும் ஜன்னலில் பேச்சு வாங்கியது, என் மனைவி ஊருக்கெல்லாம் தலைவலி மாத்திரை கொடுத்தது எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. மகன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அவர் குடித்த அதே பாட்டிலை வாங்கித் தானும் குடித்துக்கொண்டிருந்தான். சரி, இதை எட்டு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.